பந்தயக் குதிரையின் பாதுகாப்பு, சிகிச்சைப் பதிவேடு, மருந்து விதிகள்: பயிற்சியாளருக்கான வழிகாட்டி

பந்தயத்தில் ஓடிய ஒரு குதிரையின் இரத்தத்திலோ சிறுநீரிலோ தடை செய்யப்பட்ட பொருள் இருப்பது தெரியவந்தால், அதை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற விசாரணை தொடங்குவதற்கு முன்பே, விதிப்படி பொறுப்பாளியாக நிற்பவர் பயிற்சியாளர்தான். பந்தயம் முறையாக நடைபெறும் நாடுகளில் ஏறத்தாழ எங்கும் இதுவே நடைமுறை. உரிமையாளர் பணம் செலவிடுகிறார், கால்நடை மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார், குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அதைத் தீவனத்தில் கலந்து வைக்கிறார், ஜாக்கி ஓட்டுகிறார். ஆயினும் குதிரை என்ன நிலையில் ஓடுதளத்துக்கு வந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் பெற்ற பயிற்சியாளரே. தெரியாமல் நடந்தது என்று நிறுவினால் தண்டனை குறையலாம். குதிரை தகுதி நீக்கம் செய்யப்படுவதையும் பரிசுத் தொகை பறிபோவதையும் அந்த வாதம் பெரும்பாலும் தடுப்பதில்லை.

குதிரையின் பாதுகாப்பு, பதிவேடு, மருந்து விதிகள் ஆகிய மூன்றும் விதிப் புத்தகங்களில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பதால், அவற்றை மூன்று வெவ்வேறு வேலைகளாகப் பார்க்கும் பழக்கம் லாயங்களில் உண்டு. முன்னங்காலில் லேசான வீக்கம் கண்ட குதிரைக்கு வலி நீக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. மறுநாள் வீக்கம் வடிந்துவிடுகிறது. அதற்கடுத்த நாள், மருந்து கொடுத்தது தெரியாத வேறொருவர் அதை வேகமாக ஓட்டிப் பார்க்கிறார். இந்த ஒரே நிகழ்வில் மூன்று அத்தியாயங்களும் அடங்கியிருக்கின்றன. மருந்து வலியை மட்டுமே போக்கியிருக்கிறது, காயம் அப்படியே இருக்கிறது. அதைக் கவனிக்க வைக்கக்கூடிய ஒரே சாதனம் அந்த லாயத்தின் பதிவேடு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, யார் எதைச் செய்யலாம் என்பதை எழுத்தில் வைப்பது. மருந்துப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும், பயிற்சியாளர் வெளியூரில் இருக்கும்போது மருத்துவரை அழைக்கும் அதிகாரம் யாருக்கு, ஒரு குதிரையை அன்றைய பயிற்சியிலிருந்து நிறுத்தி வைக்க யார் சொன்னால் போதும் ஆகியவை எல்லாப் பணியாளர்களுக்கும் அவர்களுடைய மொழியில் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. ஒவ்வொரு நாளும் குதிரையின் காலைத் தொட்டுப் பார்ப்பவர் சைஸ். அவர் ஐயம் தெரிவித்தால் குதிரை அன்று லாயத்திலேயே நிற்கும் என்ற வழக்கம் இல்லாத இடத்தில், மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயன் குறைவு.

காலைப் பரிசோதனை

பயிற்சிக்குக் கொண்டுபோகும் முன், ஒவ்வொரு குதிரையையும் ஒரே வரிசையில், ஒரே முறையில் பார்க்க வேண்டும். முதலில் தீவனத் தொட்டி: இரவுத் தீவனத்தை மிச்சம் வைத்த குதிரைக்கு ஏதோ சரியில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து உடல் வெப்பநிலை. ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ் வரை இயல்பானது என்றாலும், அந்தந்தக் குதிரையின் வழக்கமான அளவு தெரிந்திருப்பதே பெரிய உதவி, எப்போதும் 37.4 காட்டும் குதிரை 38.3 காட்டினால் அதை வேகமாக ஓட்டக்கூடாது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், சுவாசம் 8 முதல் 16 வரையும் இருக்கும். நல்ல பயிற்சியில் உள்ள குதிரைகள் இதன் கீழ் எல்லையிலேயே நிற்கும்.

கால்களைக் கையுறையின்றி, வெறுங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலின் சூட்டை எதிர்க்காலின் சூட்டோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்ய இயலாது. முழங்காலுக்குப் பின்கீழே ஓடும் தசைநாண்கள், கணுக்கால் மூட்டின் வீக்கம், குளம்புக்கு மேலே உணரப்படும் நாடித் துடிப்பின் வலிமை ஆகிய மூன்றும் தவறாமல் பார்க்கப்பட வேண்டியவை. காலில் கட்டுப் போட்டிருந்தால் அதை அவிழ்த்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. கட்டின் அழுத்தமே வீக்கத்தை மறைத்துவிடும். பின்னர் கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, துள்ளு நடையில் போகவும் வரவும் செய்ய வேண்டும். குதிரை முன்னங்காலில் நோவு உள்ளபோது அக்கால் தரையில் படும் கணத்தில் தலையை உயர்த்தும். இரண்டு முன்னங்கால்களிலும் சமமாக வலி இருந்தால் தலை அசைவே தெரியாது. அடி மட்டும் குறுகிப்போகும். நேற்றைய நடையை நினைவில் வைத்திருப்பவருக்கே அது புலப்படும் என்பதால், இந்தப் பரிசோதனையை நாளுக்கொருவர் மாறிமாறிச் செய்வது உகந்ததல்ல.

லாடமும் சேணமும் இதே நேரத்தில் பார்க்கப்பட வேண்டும். தளர்ந்த லாடம், விளிம்பு தேய்ந்த வயிற்று வார், தையல் விட்ட கடிவாள வார் ஆகியவை குதிரையையும் ஓட்டுபவரையும் சேர்த்தே வீழ்த்துபவை. லாடத்தின் முன்விளிம்பில் பிடிமானத்துக்காக வைக்கப்படும் உயரமான பட்டைகள் காலில் கூடுதல் சுமையை ஏற்றுவதால், பல இடங்களில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. லாடம் அடிப்பவர் எதைப் பொருத்தினார் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

எலும்பு முறிவுக்கு முன்னால் நடப்பது

ஓடுதளத்தில் ஒரு குதிரையின் கால் முறிந்தால், பார்ப்பவர்கள் அதைத் திடீர் விபத்து என்றே நினைக்கிறார்கள். இறந்த பந்தயக் குதிரைகளை உடற்கூறாய்வு செய்ததில் தெரியவந்த செய்தி வேறு: இவ்வகை முறிவுகளில் பெரும்பாலானவை, அதே இடத்தில் முன்பே தொடங்கியிருந்த நுண்ணிய சேதத்தின் கடைசிக் கட்டம். எலும்பு ஓர் உயிருள்ள திசு. வேகமாக ஓடும்போது அதில் ஏற்படும் நுண்விரிசல்களை உடல் தானே அரித்தெடுத்து, புதிய எலும்பால் நிரப்புகிறது. அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்குப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. ஓய்வின்றி வாரந்தோறும் வேக ஓட்டம் கொடுக்கப்படும் குதிரைக்கு, பழுதுபார்க்க உடலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. மறுபுறம், இரண்டு மாதங்களுக்கு மேல் ஓய்விலிருந்து திரும்பும் குதிரைக்குச் சுவாசமும் தசையும் எலும்பைவிட விரைவாகத் தயாராகிவிடும். உற்சாகமாக ஓட விரும்புகிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டினால், குறிப்பாக முன்னங்காலின் மேற்பகுதியிலுள்ள மேற்கை எலும்பில் அழுத்த முறிவு ஏற்படும் ஆபத்து மிகுதி. எனவே ஒவ்வொரு குதிரைக்கும், எந்த நாளில் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எத்தகைய தரையில் ஓடியது என்ற கணக்கு வேண்டும். மொத்தத் தூரத்தைவிட, முழுவேகத்தில் கடந்த தூரத்தைத் தனியாக எழுதுவது பயன் தரும்.

காரணம் பிடிபடாத நொண்டல், ஓட்டத்தின் நடுவே முன்செல்லும் காலை மாற்ற மறுப்பது, வளைவில் வெளிப்பக்கம் சாய்வது, வழக்கத்தைவிட நேரம் பின்தங்குவது ஆகியவற்றைச் சேணத்தில் அமர்ந்தவர் சொன்னால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. இந்த நிலையில் செய்யக்கூடாத ஒன்று, வலி நீக்கும் மருந்து கொடுத்து மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது. அழுத்த முறிவின் தொடக்கம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது இயல்பு. எலும்பு ஸ்கேன், எம்ஆர்ஐ போன்றவை கிடைக்கும் இடத்தில் மருத்துவரோடு பேசி அவற்றை நாட வேண்டும், கிடைக்காத இடத்தில் நடையும் ஓய்வும் மட்டுமே கொடுத்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுக்க வேண்டும். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, உரிமையாளர் வருகிறார் என்பவை மருத்துவக் காரணங்கள் அல்ல.

பயணம், வெப்பம், தொற்று, தீ

நீண்ட பயணத்தில் குதிரையின் தலை உயரமாகக் கட்டப்பட்டிருந்தால், மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேற வழியின்றி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். சுமார் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, தலையைத் தாழ்த்த விட்டு, தண்ணீர் காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த பின் மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்து எழுத வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாளில், ஓடி முடித்த குதிரை தள்ளாடினாலோ, உதைத்தாலோ, திசை தெரியாமல் நடந்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஊற்றிய நீரை வழித்தெடுப்பதில் நேரம் செலவிடாமல் மேலும் மேலும் ஊற்றுவதே இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. குளிர்ந்த நீர் தசையைப் பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரமில்லை.

புதிதாக வந்த குதிரையைக் குறைந்தது இரண்டு வாரம் தனியே வைத்து, அதற்கென வாளி, தூரிகை, வெப்பமானி ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். குதிரைக் காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா), தொண்டைக்கட்டு நோய் (ஸ்ட்ராங்கிள்ஸ்), குதிரை ஹெர்ப்பஸ் ஆகியவை பகிர்ந்துகொள்ளும் பொருள்கள் வழியாகவும் பரவக்கூடியவை. 2019 பிப்ரவரியில் தடுப்பூசி போடப்பட்ட குதிரைகளிலேயே குதிரைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதால் பிரிட்டனில் பந்தயங்கள் ஆறு நாட்கள் நிறுத்தப்பட்டன. தடுப்பூசித் தேதிகள் குதிரையின் பாஸ்போர்ட்டில் சரியாக இல்லையெனில், பல நாடுகளில் பந்தய வளாகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். ஊசி ஒவ்வொன்றும் ஒரு குதிரைக்கு ஒரே ஒரு முறை. இரத்தத்தின் வழியே பரவும் தொற்று இரத்தச்சோகை போன்ற நோய்கள் பகிர்ந்த ஊசிகளால் லாயம் முழுவதும் பரவியிருக்கின்றன.

தீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோலும் உலர்புல்லும் குதிரைகள் நிற்கும் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். நீட்டிப்பு மின்கம்பிகளில் மின்விசிறி ஓட வேண்டாம். தலைக்கயிறு ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும், இருட்டில் கை வைத்தால் கிடைக்கும் உயரத்தில் தொங்கட்டும்.

சிகிச்சைப் பதிவேடு

ஒரு பதிவு முழுமையானதா என்று அறிய எளிய சோதனை உண்டு: அந்த லாயத்தை முன்பின் அறியாத ஓர் ஆய்வாளர் அந்த வரியை மட்டும் படித்து, எந்தக் குதிரைக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த மருந்து, எவ்வளவு அளவில், எந்த வழியில், எந்தக் காரணத்துக்காக, யாருடைய உத்தரவின் பேரில், யார் கையால் கொடுக்கப்பட்டது என்று சொல்ல முடிய வேண்டும். ‘வலி மருந்து, 10 மில்லி’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. மருந்தின் வணிகப் பெயரோடு அதன் வேதிப்பெயரும், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்ற செறிவும் வேண்டும். ஒரே மருந்து இரண்டு செறிவுகளில் விற்கப்படுவது சாதாரணம். குதிரையின் பெயரை மட்டும் எழுதாமல் மைக்ரோசிப் எண்ணையும் சேர்த்து எழுதினால், பெயர் வைக்கப்படாத இளங்குதிரைகளில் குழப்பம் வராது.

எதையெல்லாம் எழுத வேண்டும் என்ற கேள்வியில்தான் பல லாயங்கள் தடுமாறுகின்றன. மருத்துவர் போடும் ஊசியை எழுதிவிட்டு, தீவனத்தில் கலக்கும் பொடி, காலில் பூசும் களிம்பு, கண்ணில் விடும் சொட்டு, குடற்புழு மருந்து, வயிற்றுப் புண்ணுக்கான பசை, பெண் குதிரையின் பருவச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். உடலுக்குள் போகும் அல்லது தோலில் படும் எதுவும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதிர்வலை சிகிச்சையும் அவ்வாறே. அது மருந்தல்ல என்றாலும் சிகிச்சை பெற்ற இடத்தை மரத்துப்போகச் செய்யக்கூடியது என்பதால், அதன் பின் குறிப்பிட்ட நாட்களுக்குக் குதிரையை ஓட்டக்கூடாது என்று பல அமைப்புகள் விதித்துள்ளன.

எப்போது எழுத வேண்டும் என்பதற்குக் கொடுத்த உடனே என்பதே சரியான பதில். ஆஸ்திரேலிய விதிகள் மருந்து கொடுத்த நாளின் நள்ளிரவுக்குள் பதிவாகிவிட வேண்டும் என்கின்றன. அமெரிக்காவில் மருத்துவர்கள் தங்கள் சிகிச்சை விவரங்களை 24 மணி நேரத்துக்குள் மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். வார இறுதியில் நினைவிலிருந்து நிரப்பப்பட்ட பதிவேட்டைப் பழகிய ஆய்வாளர் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்: ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாச் சிகிச்சையும் காலை ஆறு மணிக்கு. பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை அருகே எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். அழித்தலும் வெள்ளை மையும் கூடவே கூடாது. மென்பொருளில் வைப்பவர்கள், யார் எப்போது திருத்தினார் என்ற தடம் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பயிற்சியாளரின் பதிவேடும் மருத்துவரின் பில்லும் மாதம் ஒரு முறை ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். பில்லில் உள்ள மருந்து பதிவேட்டில் இல்லையென்றால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் பயிற்சியாளராக இருப்பது நல்லது. எத்தனை காலம் பாதுகாக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். விதி குறைந்த காலம் சொன்னாலும், குதிரை அந்த லாயத்தில் இருக்கும் வரையிலும் அதன் பின் இரண்டு ஆண்டுகளும் வைத்திருப்பதை நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் சேமிக்கப்பட்ட மாதிரிகளைப் பின்னாளில் மீண்டும் பரிசோதிக்கும் அதிகாரம் பல அமைப்புகளுக்கு உண்டு.

சிகிச்சையின் வரிக்கு அருகே, குதிரை அடுத்து எந்த நாளில் வேகமாக ஓடலாம், எந்த நாளில் பந்தயத்துக்குப் போகலாம் என்ற இரண்டு தேதிகளையும் எழுதி, அவற்றை லாயத்தின் கரும்பலகைக்கு மாற்றுங்கள். பதிவேடு அப்போதுதான் பாதுகாப்புக் கருவியாகிறது. இல்லையேல் ஆய்வாளருக்குக் காட்டும் புத்தகமாகவே நின்றுவிடும்.

மருந்து விதிகளைப் படிக்கும் முறை

விதிகளில் பொருள்கள் இரண்டு பெரும் பிரிவுகளாக வருகின்றன. எக்காலத்திலும் கொடுக்கக்கூடாதவை முதல் பிரிவு: உடல் வளர்ச்சி ஸ்டெராய்டுகள், இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் வகைகள், மரபணு மாற்று முறைகள் போன்றவை பெரும்பாலான நாடுகளில் இதில் அடங்கும். குதிரை பந்தயத்தில் இல்லாத மாதங்களுக்கும் இத்தடை பொருந்தும். 2013 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் மஹ்மூத் அல் ஸரூனி என்ற பயிற்சியாளர் தம் லாயக் குதிரைகளுக்கு இத்தகைய ஸ்டெராய்டுகளைக் கொடுத்ததற்காக எட்டு ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது, அக்குதிரைகள் அப்போது பந்தயத்தில் ஓடவில்லை என்பதால் தாம் செய்தது விதிமீறல் என்று உணரவில்லை எனக் கூறினார். அந்த விளக்கம் அவருக்கு உதவவில்லை. இளங்குதிரைகளின் எலும்பில் நெடுங்காலம் தங்கி, மேலே சொன்ன பழுதுபார்க்கும் வேலையையே தடுக்கும் பிஸ்பாஸ்போனேட்டுகளுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனில் மூன்றரை வயது நிரம்பாத குதிரைக்கு அவற்றைக் கொடுக்க முடியாது, அமெரிக்காவின் புதிய விதிகளில் அவை தடை செய்யப்பட்டவை.

இரண்டாம் பிரிவு, சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்டு, பந்தயத்தின்போது உடலில் இருக்கக்கூடாதவை. வலி நீக்கிகளான ஃபீனைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின், மூட்டில் போடும் கார்டிசோன் வகைகள், மூச்சுக்குழாயை விரிக்கும் கிளென்பியூட்டரால், மரப்பு ஊசிகள், மயக்கமூட்டிகள் என லாயத்தில் அன்றாடம் புழங்கும் மருந்துகள் பெரும்பாலும் இவைதான். சிக்கலும் இவற்றால்தான் மிகுதி.

ஒழுங்குமுறை அமைப்புகள் ஒவ்வொரு மருந்துக்கும் வெளியிடும் நாள் கணக்கு, குறிப்பிட்ட அளவில் சில குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அந்தக் குதிரைகளில் எத்தனை நாளில் அது ஆய்வில் புலப்படாமல் போனது என்பதைச் சொல்கிறது. ஐரோப்பாவில் ஃபீனைல்பியூட்டசோனுக்கு வெளியிடப்பட்ட அளவு ஏழு நாள் என்பதால், உங்கள் குதிரைக்கு எட்டாம் நாள் எந்த ஆபத்தும் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. சோதித்த குதிரைகளின் எண்ணிக்கை சிறியது. உங்கள் குதிரையின் வயது, எடை, சிறுநீரின் தன்மை, கொடுத்த அளவு, எத்தனை நாள் தொடர்ந்து கொடுத்தது ஆகிய அனைத்தும் கணக்கை மாற்றும். ஆகவே அந்த எண்ணின் மேல் பாதுகாப்பு இடைவெளி ஒன்றை மருத்துவர் சேர்க்க வேண்டும், அந்த அறிவுரையை எழுத்தில் பெற வேண்டும். அமெரிக்காவின் 1968 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை, இதே ஃபீனைல்பியூட்டசோனால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது; பந்தயத்துக்குச் சுமார் ஆறு நாள் முன்பு கொடுக்கப்பட்ட மருந்து அதற்குள் வெளியேறியிருக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

மூட்டு ஊசிகள் தனிக் கவனத்துக்குரியவை. அமெரிக்காவின் இன்றைய விதிப்படி, மூட்டுக்குள் ஊசி போட்ட குதிரை 14 நாட்களுக்குப் பந்தயத்திலும் 7 நாட்களுக்கு நேரம் கணிக்கப்படும் வேக ஓட்டத்திலும் ஈடுபடக்கூடாது. ஆய்வகத்தில் அகப்படாமல் இருப்பதற்கான கணக்காக மட்டும் இதைப் பார்ப்பது தவறு. வலி அடங்கிய மூட்டு தன் பழுதை அறிவிக்காது என்பதே அந்தத் தடையின் நோக்கம். ஒரே மூட்டுக்கு அடிக்கடி ஊசி தேவைப்படுகிறது என்று பதிவேடு காட்டினால், அடுத்த ஊசிக்கு முன் படம் எடுக்க வேண்டும்.

நுரையீரலில் இரத்தம் கசியும் குதிரைகளுக்கு, சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபியூரோசமைட் கொடுக்கும் வழக்கம் பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகின்றன. பந்தய நாளில் எந்த மருந்தும் கூடாது என்பதே உலகில் பெரும்பான்மை நடைமுறை. வட அமெரிக்காவில் சில பந்தயங்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. வேறு நாட்டில் ஓட்டப்போகும் பயிற்சியாளர், தம் நாட்டு வழக்கத்தை நம்பாமல், போகும் இடத்தின் விதிகளைப் பெயர் கொடுக்கும் முன்பே வாங்கிப் படிக்க வேண்டும்.

சில பொருள்களுக்கு, உடலிலும் தீவனத்திலும் இயற்கையாகவே இருப்பதால், வரம்பு அளவு வைத்திருக்கிறார்கள். சர்வதேச அளவில் சிறுநீரில் கோபால்ட் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், பிளாஸ்மாவில் கரியமில வாயு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்பவை அறியப்பட்டவை. பின்னது, பந்தயத்துக்கு முன் மூக்குக் குழாய் வழியாகச் சோடா உப்புக் கரைசலை ஊற்றும் ஏமாற்று வேலையைப் பிடிப்பதற்கானது. முன்னது, வைட்டமின் ஊசிகளையும் தாது உப்புக் கலவைகளையும் கணக்கின்றிச் சேர்ப்பவர்களை அறியாமலேயே சிக்கவைக்கக் கூடியது. லேபிளில் உட்பொருள்கள் முழுமையாக எழுதப்படாத எந்த ஊட்டப்பொருளையும் லாயத்துக்குள் விடாதீர்கள். ‘ஆய்வில் தெரியாது’ என்று சொல்லி விற்கப்படும் பொருளை விற்பவரோடு பேச்சையே நிறுத்திவிடுவது நல்லது.

யாரும் கொடுக்காமல் வந்து சேர்பவை

இன்றைய ஆய்வகங்கள் மில்லிலிட்டரில் பிகோகிராம் அளவைக்கூடக் கண்டுபிடிக்கின்றன. 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் இரத்தத்தில் இருந்த, கார்டிசோன் வகை மருந்தான பீட்டாமெத்தசோன் மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம். தோல் நோய்க்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று குதிரையின் தரப்பு வாதிட்டது. மூட்டில் போட்டாலும் தோலில் பூசினாலும் அந்தப் பொருள் பந்தய நாளில் இருக்கக்கூடாது என்று 2022 பிப்ரவரியில் குதிரை தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஒவ்வொரு களிம்பின் லேபிளையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தீவனம் வழியாக வருபவை பல. கசகசாச் செடி கலந்த தீவனத்தால் மார்பின், கோகோ உமியால் தியோபுரோமின், ஊமத்தை கலந்த புல்லால் ஹயோசின், முளைவிட்ட பார்லியால் ஹார்டெனின் ஆகியவை குதிரையின் சிறுநீரில் வந்துள்ளன. 2020 அக்டோபரில் பாரிஸில் நடந்த ஆர்க் பந்தயத்துக்கு முந்தைய நாட்களில், தீவனத்தில், கால்நடைகளின் தசையைப் பெருக்கும் மருந்தான சில்பாட்டரால் கலந்திருப்பது தெரியவந்ததால் புகழ்பெற்ற லாயமொன்று தன் குதிரைகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டது. பந்தயக் குதிரைக்கென்று சான்றளிக்கப்பட்ட தீவனத்தை வாங்குவதோடு நிற்காமல், ஒவ்வொரு மூட்டையின் தொகுதி எண்ணையும் திறந்த தேதியையும் எழுதி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கைப்பிடியை முத்திரையிட்ட உறையில் எடுத்து வைக்க வேண்டும். பின்னாளில் மாசு தீவனத்திலிருந்து வந்தது என்று நிறுவ வேறு வழியே இருக்காது.

மருந்து பெறும் குதிரை தன் சிறுநீரில் அதை வெளியேற்றுகிறது. நனைந்த வைக்கோலைத் தின்று மீண்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஃப்ளூனிக்சினில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். ஆகவே சிகிச்சைக் காலத்தில் படுக்கையை நாள்தோறும் முழுவதுமாக மாற்ற வேண்டும், புல்லைத் தரையில் போடாமல் வலையில் தொங்கவிட வேண்டும், அந்த அறையில் வேறு குதிரையைக் கட்டுவதற்கு முன் சுவரையும் தொட்டியையும் கழுவ வேண்டும். மருந்து கலந்த தீவனத்துக்குத் தனி வாளி, தனி அகப்பை. பணியாளர்கள் அறைக்குள் சிறுநீர் கழிப்பதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். மனிதர்கள் உட்கொள்ளும் வலி மாத்திரைகளும் நீரிழிவு மருந்துகளும் இந்த வழியில் குதிரைக்குள் சென்ற வழக்குகள் உண்டு. அருகிலேயே ஒழுங்கான கழிப்பறை கட்டித் தராமல் இந்தத் தடையை மட்டும் சுவரில் எழுதி வைப்பது நியாயமும் ஆகாது, பலிக்கவும் செய்யாது. காபி, தேநீர், சாக்லேட் ஆகியவை தீவன அறைக்கு வெளியே இருக்கட்டும்.

பந்தய நாளும் மாதிரி எடுப்பும்

பந்தயத்துக்கு முந்தைய மாலையிலிருந்து குதிரையின் அறை யாருடைய கண்காணிப்பில் இருந்தது என்பதை நேரத்தோடு எழுத வேண்டும். காலையில் பந்தய அமைப்பின் மருத்துவர் பரிசோதிக்க வரும்போது, முந்தைய காயங்களையும் சிகிச்சைகளையும் கேட்காமலேயே சொல்வது நல்ல பழக்கம். அவர் குதிரையை விலக்கச் சொன்னால் வாதிட வேண்டாம். அவர் பார்க்கும் குதிரைகளின் எண்ணிக்கை உங்களுடையதைவிட அதிகம், அவருக்குப் பரிசில் பங்கும் இல்லை.

மாதிரி எடுக்கும் இடத்துக்குப் பயிற்சியாளரோ, எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒருவரோ உடன் போக வேண்டும். மைக்ரோசிப் எண் சரிபார்க்கப்பட்டதா, பாட்டில்கள் கண்முன்னே திறக்கப்பட்டனவா, முத்திரை எண்களும் படிவத்திலுள்ள எண்களும் ஒன்றா என்று பார்த்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். குறை தெரிந்தால் அங்கேயே படிவத்தில் எழுத வேண்டும். லாயத்துக்கு முன்னறிவிப்பின்றி வந்து மாதிரி கேட்டாலும் மறுக்கக்கூடாது; மறுப்பதே தனி விதிமீறல்.

ஆய்வு முடிவு பாதகமாக வந்தால், முதலில் செய்ய வேண்டியது எதையும் அகற்றாமல் இருப்பது. மருந்துப் பெட்டி, பதிவேடு, தீவன மாதிரிகள், பணிப்பட்டியல் ஆகியவற்றை அப்படியே வைத்து, குதிரையிடம் எடுத்துச் சேமித்து வைத்த இரண்டாம் மாதிரியைச் சோதிக்கும் உரிமையை அதற்குரிய கெடுவுக்குள் கோரி, சட்ட உதவியை நாட வேண்டும். பதிவேட்டில் விடுபட்டதை அந்த வேளையில் நிரப்ப முயல்வது, சிறிய பிழையைப் பெரிய குற்றமாக்கிவிடும்.

குதிரை கைமாறும்போது

குதிரை வேறு லாயத்துக்குப் போகும் நாளில், கடைசியாகப் போட்ட மூட்டு ஊசி, தொடரும் மருந்துகள், வேக ஓட்டக் கணக்கு, தடுப்பூசித் தேதிகள், காயங்களின் வரலாறு ஆகியவற்றின் நகல் அதனோடு போக வேண்டும். விதி இதைக் கட்டாயமாக்காத இடங்களிலும் இவ்வாறே செய்ய வேண்டும். புதிய பயிற்சியாளர் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். குதிரையைப் பெறுபவராக நீங்கள் இருந்து, பழைய பதிவு கிடைக்கவில்லை என்றால், மருத்துவரைக் கொண்டு முழுப் பரிசோதனை செய்து, இரத்தமும் சிறுநீரும் எடுத்துத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்ப உங்கள் ஒழுங்குமுறை அமைப்பு அனுமதிக்கிறதா என்று கேட்டு, விடை வரும் வரை பெயர் கொடுக்காமல் காத்திருங்கள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெறும் குதிரைக்கும் இதே நகல்கள் உரியவை; இனி அதைச் சவாரிக்கோ இனப்பெருக்கத்துக்கோ வைத்துக்கொள்பவருக்கு, எந்தக் காலில் எந்த ஆண்டு என்ன நேர்ந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.